இருபத்தைந்து மீட்டர்

பத்து கிலோவுக்கு மேல் இவர் எதையும் தூக்கக் கூடாதென்று
டாக்டர் சொல்லிவிட்டார்,
முதுகில் தையல் போட்ட இடத்தை விரலால் தொட்டு.

பீரோ எண்பது கிலோ,
புடவைகளை எடுத்த பிறகும்.
கொசப்பேட்டையில் எங்கள் மாடிப்படியோ
ஒருத்தர் ஏறினால் மற்றவர் சுவரோடு பல்லியாகும் அகலம்.

கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
மேலே ரெண்டு கப்பி, கீழே ரெண்டு.
நாலு கயிறு தாங்கும்; இழுக்கிற கைக்கு இருபது கிலோ.
அவருக்குப் பத்து, எனக்குப் பத்து.
உரசல் இல்லையென்று வைத்துக்கொண்டால்.
எட்டு மீட்டர் ஏற முப்பத்திரண்டு இழுக்க வேண்டும்,
இழுப்போம், ஞாயிற்றுக்கிழமைதானே.

ராணிப்பேட்டை தோல் ஷாப்பிலிருந்து
கப்பியும் கயிறும் கொண்டுவந்தான் தனகோட்டி.
மொட்டைமாடிச் சட்டத்தில் மாட்டிக் கோத்து இறக்கினால்
கொக்கி தரைக்கு வரவில்லை.
முதல் மாடி பால்கனிக்கு நேராக
ஃபர்ஹானாவின் துப்பட்டாக்களுக்குப் பக்கத்தில் நின்று ஆடியது.
"இருபத்தஞ்சு மீட்டர்தான்க்கா, நீ இன்னா கேட்டே?"

நான் இழுப்பதை எண்ணியிருந்தேன்,
கோப்பதை எண்ணவில்லை.
கயிற்றுக்கடைக்குப் பூட்டு.

சரி, ரெண்டு கப்பியைக் கழற்று.
ரெண்டு கயிறு தாங்கட்டும், கொக்கி தரையைத் தொடும்.
இப்போது நாற்பது கிலோ. நாலு பேர்.
கயிற்றில் குறைந்ததை
ஆளில் கட்டித்தான் தீர வேண்டும்.
வேலை அதேதான், ஆறாயிரத்துச் சொச்சம் ஜூல்;
அது பேரம் படியாது.

இஸ்திரி வண்டி சிகாமணி வந்தார். மூணு.
தனகோட்டி மேலே நின்று திருப்ப வேண்டும்,
அவன் சேர்த்தியில்லை.

ஃபர்ஹானாவும் நானும் பேசி எட்டு மாதம்.
மோட்டார் போடுகிற நேரத்தில் வந்த உரசல்.
துப்பட்டாக்களை ஒவ்வொன்றாய் உருவினாள்.
கதவு சாத்துகிற சத்தம்.
பிறகு படியில் செருப்புச் சத்தம்.
எனக்கும் சிகாமணிக்கும் நடுவே
காலியாய் இருந்த கயிற்றைப் பிடித்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.

கப்பி கீச்சிட்டது. பத்து என்றது பொய்,
பதிமூன்றாவது இருக்கும்.
இவர் முகத்தைப் பார்த்துக்
கொஞ்சம் கூடுதலாய் இழுத்தேன்.
அவளும் அதையே செய்கிறாள் என்று
கயிறு என் உள்ளங்கைக்குச் சொல்லிற்று.

பீரோக் கண்ணாடியில் முதலில் நாங்கள் நாலு பேர்,
எதிர்வீட்டுத் தண்ணித்தொட்டி,
மரமில்லாத மலை,
அப்புறம் கண்கூசும் வெறும் வெயில்.
"புட்ச்சிட்டேன்!" மேலே தனகோட்டி.

காலடியில் பதினாறு மீட்டர் கிடந்தது.
அதை முழங்கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்,
"நாளைக்கு மோட்டார் எத்தினி மணிக்கு?"