சோதனைப் பதிப்பு

யாங்கோனில் எங்கள் தெருவுக்கு
இன்றைக்கு மின்சாரம் ஒன்பதிலிருந்து ஒன்று வரை.
பெயிண்ட் கடைக் கணக்கை அடைத்துவிட்டு
நான்கு மாடி ஏறி
மடிக்கணினியைத் திறக்கும்போது ஒன்பதே கால்.
ஆரம்பமே கால்மணி கடன்.

மூன்று மென்பொருள் இறக்கி வைத்திருக்கிறேன்.
ஒன்றைத்தான் இந்தக் கிழட்டு வட்டு தாங்கும்.

முதலாவது பளபளப்பு.
நூறு வயலின், எண்பது முரசு,
ஒரு பொத்தானை அழுத்தினால் மழை.
திறக்கவே ஆறு நிமிடம் கேட்கிறது.
உள்ளே விசிறி
சளி பிடித்தவன் மாதிரி இழுக்கிறது.

இரண்டாவது
கடைப் பேரேடு போல கட்டம் கட்டமாய்.
கை தானாகப் போகிறது அதனிடம்.
பிஸ்கட் கம்பெனி விளம்பரத்துக்கு
இதில்தான் பதினெட்டு நொடி மெட்டுப் போட்டேன்,
அந்தக் காசில்தான்
மேசைக்கடியில் இந்த பேட்டரி.

மூன்றாவது சாம்பல் நிறம்.
ஒரு வாத்தியமும் தராது.
தாலுகா ஆபீஸின் பின்சுவர் மாதிரி முகம்.
துரைமாணிக்கம் இதில்தான் வேலை செய்தான்.

கேட்காமலே எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.
ஒலிப்பதிவுக் கூடத்து கோ நாய் லின்:
காசு கொடுத்து வாங்கு, அப்போதுதான் கை மதிக்கும்.
சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஃபிலோமினா:
எதுவானால் என்ன, காது உன்னுடையதுதானே.
மதுரையிலிருந்து வீடியோவில் பேசுகிறவர்
முதலில் கணினியை மாற்றச் சொல்கிறார்,
அப்புறம் அறையை.
ஊரை மாற்று என்று
இன்னும் சொல்லவில்லை.

துரையிடம் கேட்டிருந்தால் ஒரே வரி:
கரண்ட் போனபின் எது
கடைசி நிமிடத்தை வைத்திருக்கிறதோ, அது.

பட்டியலில் பெயர் வந்த வாரம்
அவன் ஆற்றைத் தாண்டி மே சோட் போனான்.
வீட்டுச் சாவியோடு கோர்த்து
ஒரு பென் டிரைவை
கடை கல்லாவில் போட்டுவிட்டுப் போயிருந்தான்.
உள்ளே ஒரே கோப்பு.
என் கட்டக்காரி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அறியாத வகை, என்றாள்.
பளபளப்புக்காரி
தானே மூடிக்கொண்டாள்.

சரி. சாம்பல்.

பத்து ஏழுக்குத் திறந்தது.
பதினான்கு தடம். பன்னிரண்டு சிவப்பு.
ஒலிக்கோப்பு காணவில்லை, எங்கே தேட? என்கிறது திரை.
அவன் மேசையில் தேடு.
அந்த மேசையில் இப்போது
வேறு யாரோ மோஹிங்கா சாப்பிடுகிறார்கள்.

ஒலி போய்விட்டது.
அவன் வைத்த பெயர்கள் மட்டும் வரிசையில் நிற்கின்றன:
பாத்திரம்.
கீழ்வீட்டு ஜெனரேட்டர்.
தப்பு இரண்டு.
அது வாத்தியமா, பிழையா, தெரியவில்லை.
கோபம்.
கோபம், கொஞ்சம் குறைத்தது.

பிழைத்த ஒரு தடத்தில்
மேசையை விரலால் தட்டி எண்ணுகிறான்.
தித், ஹ்னித், மூணு, நாலு.
பாதி பர்மியம், பாதி தமிழ்,
மூணில் எப்போதும்போல ஒரு மயிரிழை தாமதம்.
இதே பிசகை என் கட்டக்காரி
கேட்காமலே நேராக்கிவிடுவாள்.
சாம்பல்காரி தொடவில்லை.

பதினான்காவது தடம் காலி.
பெயர்: இவள் பாடுவாள்.

இவளாம்.
என்னைக் கேட்டானா?

செய்தி அனுப்பினேன்:
சிவப்பில் இருப்பதையெல்லாம் தனித்தனியாக அனுப்பு.
உன் மென்பொருள் அசிங்கம்.
ஒற்றை டிக்.

மற்ற இரண்டையும் அழிக்க
பதினோரு நிமிடம் ஆனது.
கட்டக்காரி போகும்போது
ஏன் போகச் சொல்கிறீர்கள் என்று
ஐந்து காரணம் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள்.
பிற, என்று அழுத்தினேன்.

சோதனைக் காலம் இன்னும் ஐம்பத்தொன்பது நாள்.
ஜன்னலை மூடினேன், மின்விசிறியை நிறுத்தினேன்,
காலித் தடத்தில் சிவப்புப் புள்ளியை ஏற்றினேன்.
வாயைத் திறக்கும்போது
போய்விட்டது கரண்ட்,
ஒரு மணிக்கு நாற்பது நிமிடம் முன்பே.

தெரு முழுக்க ஆ என்றது.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

பேட்டரி பதினெட்டு சதவீதம்.
பாடவில்லை இன்னும்.
முதலில் சேமித்தேன்.