கீழிருந்து வரும் வெளிச்சம்

தண்டையார்பேட்டை மண்டபத்தில்
ராத்திரி முழுக்க லைட் பிடித்த கை இது.
மாப்பிள்ளையின் மாமாவுக்கு வழுக்கை மின்னாமல்,
பெண்ணின் தாடைக்குக் கீழே இருட்டு தங்காமல்,
“தணிகா, லெஃப்ட்ல தூக்கு”
“தணிகா, தெர்மாகோல கீழ புடி.”

நாலரைக்கு வயரைச் சுருட்டி
மிஞ்சிய வடை இரண்டைப் பேப்பரில் மடித்து
நாள் வாடகை எண்ணூறு ரூபாய் லென்ஸோடு
எண்ணூர் வந்து சேர்ந்தால் ஐந்தரை.
வழியெல்லாம் கன்டெய்னர் லாரி.

இங்கே சுவிட்ச் இல்லை.
சூரியன் தன் இஷ்டத்துக்குத்தான் வரும்.
மார்கழியில் அதுவும் லேட்.
அதனிடம் போய்
லெஃப்ட்ல தூக்கு என்று சொல்ல முடியாது.

முகத்துவாரத்துக்கு முதுகைக் காட்டிச்
சேற்றில் குந்தியிருக்கிறேன்.
எதிரே உயரழுத்த மின்கோபுரம்,
அதன் மூன்றாவது கையில் விராலடிப்பான்.
கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு,
மேக்கப் போடும் பெண் அவசரத்தில் இழுத்துவிட்ட மை.
எந்தக் குளிர்நாட்டிலிருந்து வந்ததோ.
எச்சமிட்டது.
இறகு கோதியது.
என்னைப் பார்த்தது, பிறகு பார்க்கவில்லை.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலிருந்து கரும்பருந்துகள்
தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் போகின்றன.
அவை நம்ம ஆட்கள். எப்போதும் கிடைக்கும்.
அதனாலேயே யாரும் எடுப்பதில்லை,
நானும்தான்.

வானத்தைப் பார்த்து எடுத்தால் பறவை கரி.
முதுகில் விழும் வெயில் வயிற்றுக்கு எட்டாது.
போன ஞாயிறு முந்நூறு படம், முந்நூறும் நிழல்.
மண்டபமென்றால் கீழே தெர்மாகோல் நீட்டலாம்.
பறக்கிறவனுக்கு யார் நீட்டுவது?

ஏழு இருபதுக்கு அது விழுந்தது.
பாய்ந்தது என்று சொல்லக்கூடாது,
கால் முன்னே நீட்டி, கல் மாதிரி விழுந்தது.
தண்ணீர் மூடி, திறந்து,
எழுந்து, நனைந்த நாயைப்போல் உடம்பை உதறி
மீனின் தலையை முன்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு
என் தலைக்கு மேலேயே வந்தது.
பதினாலு படம்.

திரையில் பார்த்தேன்.
சிறகின் அடிப்பக்கம் ஒவ்வொரு இறகும் தெரிகிறது,
கஞ்சிபோட்ட வேட்டியின் மடிப்பு மடிப்பாக.
கரி இல்லை. நிழல் இல்லை.
எப்படி?

குனிந்து பார்த்தேன்.
சாம்பல்.
அனல்மின் நிலையத்துக் குழாய் வெடித்து வெடித்துக் கக்கியது,
நண்டு வளையை மூடியது,
இறாலின் செவுளில் ஏறியது,
சேற்றின்மேல் காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது
ஒரு மைல் நீளத் தெர்மாகோல்.

ச்சீ என்று சொல்ல வாயெடுத்து
படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.
நல்ல வெளிச்சம்.
என்ன செய்ய,
நல்ல வெளிச்சம்.

ஏகவல்லி கரையேறி வந்தாள்.
இறால் தடவுகிறவள். பறியைப் பல்லில் கவ்வியிருந்தாள்.
பேச வேண்டுமென்றால் அதைக் கையில் எடுத்தாக வேண்டும்.
எடுத்தாள்.
“இன்னா புட்ச்ச?”
“படம்.”
“காட்டு.”

பறவையை அவள் பார்க்கவேயில்லை.
“மடவ” என்றாள்.
“தோ, ரெண்டு சாண் இருக்கும். எந்தாண்ட புட்ச்சுது?”

பின்னோக்கித் தள்ளினேன்.
அரைச் சிறகு. வெறும் கோபுரம்.
அழிக்க வைத்திருந்த ஒன்றில்
நீர் தெறிக்கும் மங்கலான வெள்ளை,
அதன் பின்னால் இடிந்த பாலத்தின் கால்.
விரலில் சேறோடு திரையைத் தொட்டு
அந்தக் கெட்ட படத்தைத்தான்
அவள் நெடுநேரம் பார்த்தாள்.
“ரெண்டாங்காலு” என்றாள்.
“மூணு வருசமா அங்க ஒண்ணியும் இல்ல.”

மறுபடி பறியைக் கவ்விக்கொண்டாள்.
அதற்குமேல் கேட்க என்னிடம் கேள்வி இருந்தது,
சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

பத்துக்குள் லென்ஸைத் திருப்பித் தரவேண்டும்.
இப்போதே ஒன்பது.
வெளிச்சம் கெட்டுப்போச்சு என்போம் எங்கள் தொழிலில்.
அதற்குள் இடுப்பளவு இறங்கி
அவள் நடந்துகொண்டிருந்தாள்.