எத்தனை இருக்கை

பதினோரு மடிக்கணினிகள்.
காஸ்த்ரோ நகரில் ஒரு வங்கி தன் கிளையை மூடியபோது
பழையதென்று கழித்துக் கொடுத்தவை.
ஒன்றில் ஒரு விசையே இல்லை,
அந்தக் குழியில் அழிப்பான் துண்டை ஒட்டிவைத்திருக்கிறார்
ஆசிரியர் எலியேசெர்.

காலையில் திறந்தால் திரையின் நெற்றியில் மஞ்சள் பட்டை:
சோதனைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள்.
நேற்று பத்து.
பிள்ளைகள் அதைச் சேர்ந்து கத்துகிறார்கள்,
ராக்கெட் விடுவதுபோல.

இந்தத் தீவுப் பள்ளியின் எழுத்தர் நான்.
மணியடிப்பதும் நான், விறகு எண்ணி வாங்குவதும் நான்,
ஆகவே இதுவும் நான்.

இலவசமாய் ஒன்று இருக்கிறதே என்றார் எலியேசெர்.
இருக்கிறது. போன குளிர்காலத்தை அதில்தான் ஓட்டினோம்.
மாகாண அலுவலகத்தின் வருகைப் படிவத்தை அதில் திறந்தால்
கட்டங்கள் ஒரு வரி கீழே சரியும்.
அப்படித்தான் ஒரு நாளும் தவறாத யாஸ்னா உயென்தேயோ
ஜூன் முழுக்கப் பள்ளிக்கே வராதவள் ஆனாள்.
கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அவள் தம்பி
தவறாமல் வந்துகொண்டிருந்தான்.
ஆய்வாளர் கேட்டபோது கட்டங்களைக் குற்றம் சொன்னேன்.
அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

சாந்தியாகோவிலிருந்து தொலைபேசியில் ஒரு பையன்,
ஃபுவெந்தியால்பா என்று பெயர்.
‘எத்தனை இருக்கை வேண்டும் அம்மா?’
பதினேழு பிள்ளைகள், பெஞ்சு போதும் என்றேன்.
சிரிக்காமல் விளக்கினான்.
இருக்கை என்றால் ஆள்.
ஆளுக்கு ஒரு விலை, கருவிக்கு ஒரு விலை.
ஆள் போய்விட்டால் இருக்கையை
இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.
இங்கே போனால் மாற்ற ஆள் இல்லை தம்பி
என்று சொல்ல வாயெடுத்து,
‘கருவிக்கு’ என்றேன்.

நிரந்தரமாய் ஒன்று கிடையாதா?
‘இருக்கிறது. பள்ளிகளுக்கு இல்லை.’

ஓராண்டா, மூன்றாண்டா?
மூன்றென்றால் விலையில் கால் பங்கு தள்ளுபடி.

காப்பி டப்பாவைக் கவிழ்த்தேன்.
ஆட்டுக்குட்டிக் குலுக்கலில் வந்தது,
கடற்பாசி உலர்த்தி விற்றது,
புகைபோட்ட சிப்பியின் வாடை போகாத நோட்டுகள்.
இரண்டு தரம் எண்ணினேன்.
கூரைக்கு எடுத்துவைத்ததில் கைவைத்தால்
மூன்றாண்டுக்குக் கட்டும்.

பணம்கூட இல்லை விஷயம்.
இந்தப் பள்ளியின் உயிரே ஆண்டுக்கு ஆண்டுதான்.
டிசம்பர்தோறும் கடிதம் வரும்:
பதினாறுக்குக் கீழே இறங்கினால்
அக்கரைப் பள்ளியோடு இணைக்கப்படும்.
சால்மன் பண்ணை மூடியதும் கார்காமோ வீட்டார்
நான்கு பிள்ளைகளோடு ஒரே படகில் போனார்கள்,
குளிர்பெட்டியும் கூடவே.
இப்போது பதினேழு.
எட்டாம் வகுப்பு இரண்டும் இந்த வருடத்தோடு சரி.
மார்ச்சில் சேரவேண்டியது ஒன்றே ஒன்று, ஓர்ஃபெலினாவின் மகன்.
அவள் புருஷனுக்கு அக்கரையில் வேலை பேசியாயிற்றாம்.

‘அம்மா, இணைப்பில் இருக்கிறீர்களா?’
இருக்கிறேன். மூன்று போடு.

காலாவதித் தேதி தானாக நிரம்பிக்கொண்டது.
அத்தனை தூரத்துத் தேதி ஒன்றை
இந்தத் தீவில் எழுத்தில் பார்த்து நாளாயிற்று.
கல்லறைக்குக் கல் செதுக்குகிறவர்கூட
பின்னோக்கித்தான் எழுதுகிறார்.

தலைமையாசிரியை கையெழுத்திட்டார்.
கூரை? என்றார்.
வாளி இருக்கிறது என்றேன்.

மாலையில் யாஸ்னா சாவி எண்ணை வாசிக்க நான் தட்டினேன்.
இருபத்தைந்து எழுத்து.
எட்டா, பி-யா என்று இரண்டு முறை சண்டை.
பட்டை மறைந்தது.
பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்,
ராக்கெட் கிளம்பவேயில்லை.

ஒன்பதாவது கருவி மட்டும்
நாற்பத்தொரு சதவீதத்தில் முரண்டுபிடிக்கிறது.
வாளியில் சொட்டு விழ விழ
அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

வாசலில் ரப்பர் பூட்சின் சேற்றை உதறுகிறாள் ஓர்ஃபெலினா.
மகனின் பிறப்புச் சான்றிதழுக்கு
ஒரு நகல் வேண்டுமாம்.

எந்தப் பள்ளிக்கு என்று நான் கேட்கவில்லை.
உட்கார், என்றேன்,
எந்திரம் கொஞ்சம் சூடாகட்டும்.