பதினேழு கிலோ

கோயில் மதிலுக்கென்று கொட்டியிருந்த மணலை
வெறுங்காலோடு அள்ளிப் போட்டது நான்தான்.
விரதம். பத்து நாள் செருப்பில்லை, மீனில்லை, கோபமில்லை
(மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் முன்பின்).
மழை பெய்து மணல் ஈரமாயிருந்தது.
உச்சியில் மினிஸ் படுத்தெழுந்த குழி
இன்னும் ஆறவில்லை.

எங்கள் காம்ப் தியாபில் தெருநாயை ராயல் என்போம்.
அப்பன் பேர் தெரியாததெல்லாம் ராஜவம்சம்.
இது பஸ் நிறுத்தத்தில் பகல் முழுக்கத் தூங்கி
யார் வந்தாலும் ஒரு கண்ணை மட்டும் திறப்பதால்
மினிஸ், அதாவது மந்திரி.
எல்லோரும் சோறு போடுகிறோம்.
யாருடைய நாய் என்று கேட்டால்
எல்லோரும் வானத்தைப் பார்க்கிறோம்.

மூன்றாம் நாள் இடது குதிகாலுக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி.
நான்காம் நாள் புள்ளிக்கு வால்.
அன்று இரவு இரண்டு மணிக்கு
குளியலறைச் சிமெண்டில் காலைத் தேய்த்துக்கொண்டு
அம்மா என்றேன்.
கோயிலில் இருப்பவளையா, பெற்றவளையா,
எனக்கே தெரியவில்லை.

தேவாஷ்னி நீலப் பேனாவோடு வந்தாள்.
கோடு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கீறல், பக்கத்தில் தேதி.
மறுநாள் காலை ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு தேதி.
"கோணல்மாணலாப் போகுது. இதுக்கு வழி தெரியலப்பா."

டிஸ்பென்சரியில் டாக்டர் லி வான்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
நாயின் கொக்கிப்புழு. குஞ்சு.
"நாயாக இருந்தால் தோலைத் துளைத்து, ரத்தத்தில் நீந்தி,
நுரையீரல் ஏறி, இருமலில் தொண்டைக்கு வந்து,
விழுங்கப்பட்டு, குடலில் குடும்பம் நடத்தும்.
உங்களிடம் அடுத்த கதவுக்கு அதற்குச் சாவியில்லை.
வெளிவாசலிலேயே அலைந்து செத்துப்போகும்."
எத்தனை நாளில்?
"சில வாரம். சமயத்தில் மாதங்கூட."
தீ மிதித்தால் சாகுமா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது.
"உங்கள் காலையே சுடாது என்கிறீர்கள்,
உள்ளே இருப்பதை எப்படிச் சுடும்?"
மாத்திரை சைவமா என்றும் கேட்டேன்.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
"எழுதவில்லை. புழுவும் சைவமில்லையே."
அங்கேயே விழுங்கினேன்.

பக்கத்து வீட்டு அர்னசலோன்
நாய்பிடி வண்டியின் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தான்.
கூப்பிட்டால் நாளைக்கே வரும்.
அதில் ஏறிப் போனது எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.
சீட்டைச் சட்டைப்பையில் வைத்தேன்.
சட்டையை அன்றே துவைக்கப் போட்டேன்.

மருந்துக்கடைப் பெண் கேட்டாள், எத்தனை கிலோ நாய்?
சீனர் கடையின் அரிசிமூட்டைத் தராசில்
மந்திரியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். தொண்ணூற்றொன்று.
இறக்கிவிட்டு ஏறினேன். எழுபத்து நான்கு.
கடைக்காரர் கழித்துச் சொன்னார், பதினேழு.
அந்தப் பதினேழுக்குள் எத்தனை பேர்
என்பது அவர் கணக்கில் வரவில்லை.

ரொட்டிக்குள் வைத்தேன். ரொட்டி போயிற்று, மாத்திரை தரையில்.
வெண்ணெயில் புதைத்தேன். வெண்ணெய் போயிற்று.
கடைசியில் அர்னசலோன் வீட்டுப் பொரித்த மீன்,
விரதக்காரன் கையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
மூன்று விநாடி.
மந்திரி ஒரு கண்ணைத் திறந்து
இன்னொரு துண்டு உண்டா என்று பார்த்தது.

தீமிதியன்று கரியைத் தட்டிச் சமன்செய்திருந்தார்கள்.
ஏழடியோ எட்டடியோ, எண்ணவில்லை.
அந்தப் பக்கம் பால்குழியில் நின்றபோது
தேவாஷ்னியின் தேதிகள் நீலமாய்க் கரைந்தன.
கோடு இருந்தது, வெளிறி,
புதன்கிழமையைத் தாண்டாமல்.
சுட்டதா என்றார்கள்.
அரித்தது என்றேன்.

கூட்டம் கலைந்தபின்
சிந்திய பாலை மந்திரி நக்கிக்கொண்டிருந்தது.
வீட்டில் நாட்காட்டியில் பதினைந்து நாள் தள்ளி
மினிஸ், இரண்டாவது மாத்திரை
என்று எழுதிவிட்டுத்தான் வந்திருந்தாள் தேவாஷ்னி.
மதிலோரம் மிச்சமிருந்த மணலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது எத்தனை கிலோ இருக்கும்ப்பா?"