பூக்கட்டிப் பார்த்தல்

எலும்பு வார்டு, இருபத்திரண்டாம் கட்டில்.
ஒச்சம்மாள். உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு ஊர்.
வயது? வைகை அணை கட்டும்போது
நடை பழகிய பிள்ளையாம்.
எழுபது என்று எழுதிக்கொண்டேன்.

ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்
வரப்பில் சறுக்கி
இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது.
எலும்புக்குக் கழுத்து உண்டா என்று கேட்டார்.
உண்டு, அதில்தான் உடம்பு தொங்குகிறது என்றேன்.
படித்தது அப்படியல்ல. வாய்க்கு வந்தது.

ஆய்வை விளக்குவது என் வேலை. பன்னிரண்டு பக்கம்.
உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து.
சிமெண்ட் வைத்துப் பதிப்பது ஒரு வகை,
சிமெண்ட் இல்லாமல் இறுக்குவது ஒரு வகை.
உங்களுக்கு எது என்று
உறைக்குள் இருக்கும் சீட்டு சொல்லும்.

மகன் சீறினான்:
"எங்காத்தாள வச்சு சூதாடுறீகளா?"
ஒச்சம்மாள் கையமர்த்தினார்.
"கூறுகெட்டவனே, பூக்கட்டிப் பாக்குறாக.
வெள்ளையா செவப்பான்னு சாமி சொல்லும்.
ஒனக்குப் பொண்ணெடுக்கையில நான் பாக்கலையா?"

ஏழாம் பக்கத்தில் 'சமவாய்ப்பு முறை' என்று
மூன்று பத்தி எழுதியிருந்தார் டாக்டர் ஜெயசீலி.
ஓரத்தில் பென்சிலால் 'பூ' என்று குறித்து வைத்தேன்.

இடது பெருவிரல். நீல மை.
உறை பிரிந்தபோது நான் வராந்தாவில் நின்றேன்.
எந்தப் பூ என்று எனக்குத் தெரியக் கூடாது.
விடை தெரிந்தவன் கேட்டால்
கேள்வி கோணிப்போகும்.

அப்புறம் எல்லாம் தொலைபேசியில்.
முப்பதாம் நாள், நூற்றிருபதாம் நாள், ஒரு வருடம்.
காலுறையும் காலணியும்
சிரமமின்றி அணிய முடிகிறதா?
செக்கானூரணியில் ஒருவர்
இருமல் வரும்வரை சிரித்தார்.
சம்மணம் போட முடிகிறதா,
குத்துக்கால் வைக்க முடிகிறதா என்று
படிவம் கேட்கவில்லை.
எப்ப முடியும் என்று அவர்கள்தான் கேட்டார்கள்,
ஒருவர் பாக்கியில்லாமல்.

காஜிமார் தெரு தையற்காரர் காஜா மைதீனுக்கு அடித்தால்
மகள் எடுத்தாள். நாற்பத்தோராம் நாள் மௌத்.
வைக்கப் போனேன்.
"இருங்க, மிச்சக் கேள்வியையும் கேளுங்க.
அத்தா ஒத்துக்கிட்டாங்கல்ல."
பத்துக்கு வலி எத்தனை?
"கடைசி வாரம் வலியே இல்லைன்னாங்க."
சுழியம் போட்டேன்.
அந்த வட்டத்தை மூட வெகுநேரம் ஆனது.

ஒச்சம்மாளின் எண் நூற்றிருபதாம் நாளே செத்திருந்தது.
'தொடர்பு அறுந்தவர்' என்று அட்டவணையில் ஒரு கட்டம்.
அதில் அவரைப் போட மனம் வராமல்
வருடம் முடிந்த அன்று
ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.

வீடு பூட்டிக் கிடந்தது.
நாங்கள் கொடுத்த வாக்கர் வாசலில்,
நான்கு காலும் மண்ணில் புதைந்து,
மேலே பாகற்கொடி, இரண்டு பிஞ்சு.
நடைக்கருவி: பயன்பாட்டில் உள்ளது.

"ஆட்ட ஓட்டிக்கிட்டுக் கம்மாப் பக்கம் போயிருக்காக,"
என்றாள் அடுத்த வீட்டுக்காரி.
எவ்வளவு தூரம்?
"அது கெடக்கு, ஒரு மைலு."
பிறர் சொன்னதைப் பதியக் கூடாது, விதி.
நோயாளி வாயால் வரவேண்டும்.

கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு.
ஆறரைக்குக் கரைமேல் ஆடுகள் தெரிந்தன,
பின்னால், இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து
ஒரு ஊதாச் சேலை.

படிவத்தைப் பிரிக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.
"எனக்கு விழுந்தது எந்தப் பூவு?"
தெரியாதும்மா.
"வருசம் ஒண்ணாச்சு, இன்னுமா தெரியல?"
எல்லோரையும் கேட்டு முடித்த பிறகுதான் பிரிப்பார்கள்.
"இன்னும் எத்தன பேரு?"
நூற்று எண்பத்தேழு.

"அதுவரைக்கும் நின்னுக்கிட்டேவா இருப்ப, ஒக்காரு" என்று
குட்டியை இழுத்துக் கட்டக்
குத்துக்கால் வைத்து அமர்ந்தார் ஒச்சம்மாள்.

கூடாதும்மா, மூட்டு நழுவிடும் என்று பதறினேன்.
"எது?" என்றார், முடிச்சிலேயே கண்ணாக.

மேற்கே பஸ் ஹாரன் கேட்டது.
இதை எழுதக் கட்டம் தேடி
நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன்.