முன்னே இரண்டு, பின்னே இரண்டு

பர்கூரில் மே மாதம்.
தகரக் கூரை நெளிகிற மூன்றாம் யூனிட்டில்
பனியில் சறுக்குகிறவர்களுக்கு பூட்ஸ் தைக்கிறோம்.
ஐஸ் பெட்டியின் உட்சுவரைத் தவிர
எங்களில் யாரும் பனி பார்த்ததில்லை.

என் வேலை சோதனை.
கையில் ஸ்கேல், காதில் பென்சில்.

போன செவ்வாய்
ஒரு ஜோடி திரும்பி வந்தது. சைஸ் நாற்பத்தைந்து.
வலது பூட்ஸின் மூக்கில் தோல் உரிந்து
உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்ச் தெரிந்தது.
கூடவே ஒரு பலகை,
என்னைவிட நான்கு விரல் உயரம்.
"திரும்புற இடத்துல முனை தட்டி விழுந்துட்டாராம்."
நவ்ஷாத் சார் சொன்னது அவ்வளவுதான்.
விழுந்தவருக்கு என்ன ஆயிற்று என்று
கடிதத்தில் இல்லை.

பலகையின் விளிம்பைத் தாண்டி
பூட்ஸ் எவ்வளவு நீளலாம்?

திம்மராயன் லோடு இறக்கிக்கொண்டே சொன்னான்:
"கம்பி நீட்டிட்டிருந்தா செவப்புத் துணி கட்டு.
டோல்கேட்ல கூட விட்டுருவான்."

முனிரத்னம்மா சிரிக்கவில்லை.
பதினோரு வருடம் கல் குவாரியில் இருந்தவள்.
"உள்ளாரயே நின்னுட்டா எப்படி நெம்புவ?
கடப்பாரையில கொஞ்சம் வெளிய இருந்தாத்தான்
கல்லு அசையும்."

இரண்டும் சரியாகப் பட்டது,
அதுதான் தொல்லை.

பக்கத்து கிரானைட் பட்டறையிலிருந்து
இரண்டு மூட்டை கல்மாவு கொண்டுவந்து கொட்டினோம்,
வெள்ளை வெளேரென்று.
ஆயுத பூஜைக்குக்கூட
இந்தத் தளம் இப்படி வெளுத்ததில்லை.
பூட்ஸுக்குள் என் கால்
குடத்துக்குள் கரண்டி போல ஆடியது.
இரண்டு பழைய சுடிதார் துணி திணித்து
வாரை இறுக்கி நின்றேன்.

முதலில் மூக்கும் குதிகாலும்
விளிம்போடு விளிம்பாக.
முன்னால் சாய்கிறேன், பலகை சாயவில்லை.
தூங்குகிற எருமையை
சுண்டுவிரலால் தள்ளின மாதிரி.

அப்புறம் முன்னே நான்கு சென்டிமீட்டர், பின்னே ஒன்றுமில்லை.
தொட்டதும் சாய்ந்தது.
ஆனால் விளிம்பு கல்மாவைக் கடிக்கும் முன்
பூட்ஸின் மூக்கு போய்க் குத்தியது.
பலகை நின்றது, நான் நிற்கவில்லை.
முழங்கை, தாடை, வாய் நிறைய மாவு.
உரிந்த தோல் எப்படி உரிந்தது என்று
அப்போது தெரிந்தது.
பெயர் தெரியாத அந்த ஆளை
முதல்முறையாகப் பாவம் என்று நினைத்தேன்.

திம்மராயன் ஓடி வந்தான்.
சிவப்புத் துணியைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை,
முன்னே இரண்டு, பின்னே இரண்டு.
சாய்ந்தேன். விளிம்பு ஒரு கோடு கிழித்தது,
அரிவாள்மணையில் வெள்ளரிக்காய் போல.
மூக்கு மாவுக்கு மேலே
ஒரு நூல் இடைவெளியில் நின்றது.

பெரிய பாதக்காரருக்கு?
"அகலமான பலகை வாங்கட்டும்" என்றார் சார்.
வாங்க முடியாதவருக்கு? என்றேன்.
முனிரத்னம்மா தன் காலைச் சற்றே
கோணலாகத் திருப்பிக் காட்டினாள்.
நீளம் குறையவில்லை, நீட்டல் குறைந்தது.
அதையும் எழுதினேன், கடைசி வரியில்,
அவள் பெயரைப் போட்டு.
தட்டச்சில் யாரோ பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஆறே முக்காலுக்கு காவேரிப்பட்டினம் பஸ்.
உள்ளே இடமில்லை.
படிக்கட்டில் ஒரு கால், கம்பியில் ஒரு கை.
"உள்ள ஏறும்மா" என்று விசில் அடித்தார் கண்டக்டர்.
எங்கே ஏற?
பாதத்தைக் கோணலாகத் திருப்பி வைத்தேன்.
பாதி படியில், பாதி வெளியே காற்றில்.

குனிந்து பார்த்தால்
விரலிடுக்கில் இன்னும் கல்மாவு.
செருப்பு ஆறாம் நம்பர், தள்ளுபடியில் வாங்கினது.
என் கால் ஏழு.
குதிகால் ஒன்றரை சென்டிமீட்டர்
வெளியே தொங்குகிறது,
பித்தவெடிப்போடு.
அளவு சரிதான் என்று தோன்றியது.
முன்னால்தான் ஒன்றுமில்லை.