ஒரு குடம், மெதுவாக

கடித்தது நெத்திலிதான்.
ஊசி போடும் அறையில் மட்டும்
பக்கத்து வீட்டுப் பூனை என்று சொல்லிவிட்டேன்.
சோறு போட்டதே கடித்தது என்று
அத்தனை பேர் வரிசையில் எப்படிச் சொல்வது?

காசிமேட்டில் கூடையைக் கழுவிக் கவிழ்த்த நேரம்,
எங்கிருந்தோ ஒரு தூண்டில் முள்ளைக்
கடைவாயில் மாட்டிக்கொண்டு வந்து நின்றது.
எடுத்துவிடப் போன என் கை
அந்த நொடியில் அதற்கு யார் கையோ.

ரத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை.
கட்டைவிரல் அடியில் இரண்டு புள்ளி,
ரேஷன் கார்டில் பேனா வைத்த மாதிரி.
நாய் கடித்தால் தெருவே கூடும்.
பூனை கடித்தால் முந்தானையில் துடைத்துக்கொண்டு
மிச்ச இறாலை உரிப்போம்.
உரித்தேன்.

விடிவதற்குள் கை பன்னாக ஊதி
மணிக்கட்டைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு
மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நாய்ப் பல்லு கிழிக்கும்மா,
பூனைப் பல்லு ஊசி" என்றார் தில்ஷாத் சிஸ்டர்.
"உள்ள போயி அழுக்க வெச்சிட்டு
கதவ சாத்திக்கினு வந்துடும்.
மேல ஆறுன மாதிரி இருக்கும்,
உள்ள அது குடித்தனம் பண்ணும்.
சுகர் இருக்கா உனக்கு?"
இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை,
அவர்தான் குத்திப் பார்த்தார்.

"கழுவினியா?"
கழுவினேன்.
"எவ்ளோ நேரம்?"
ஒரு சொம்பு.
"சோப்புப் போட்டு, ஓடுற தண்ணில, பதினஞ்சு நிமிஷம்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் சந்தில் ஓடுகிற தண்ணீர்
லாரிக்கு அடியில் ஒழுகுவதுதான்,
அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

ஆனால் அன்று ராத்திரி கணக்குப் போட்டேன்.
செலஸ்டினை ஊற்றச் சொல்லி
அவள் போனில் மணி பார்த்தோம்.
நூல் மாதிரி சாய்த்தால்
ஒரு பிளாஸ்டிக் குடம்
சரியாகப் பதினைந்து நிமிடம் வருகிறது.
ஒரு குடம்.
சண்டை போட்டுப் பிடிக்கிற ஏழில் ஒன்று.
பூனை வளர்க்கிறவர்களே,
அந்த ஒன்றை மூடி வையுங்கள்.

மஞ்சள் வேண்டாம். காபித் தூள் வேண்டாம்.
சுண்ணாம்பு வைத்தவன் ஒருவன்
எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்,
அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

செலஸ்டின் மகனுக்குக் கடி கூட இல்லை.
குட்டியோடு விளையாடிய கீறல்,
அதுவும் ஆறிப்போன பிறகு
அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி.
சூட்டுக் கட்டி என்று சந்தனம் அரைத்துப் பூசினாள்.
வாரக்கணக்கில் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது.
டாக்டர் கட்டியைத் தொடும் முன்
வீட்டில் குட்டிப் பூனை உண்டா என்று கேட்டாராம்.
ஜோசியக்காரர் மாதிரி, என்கிறாள் இன்னும்.

எனக்கு எட்டு நாள் கூலி போனது.
இடது கையால் இறால் உரிக்க முயன்றேன்,
மேஸ்திரி தட்டைத் தள்ளி வைத்தார்.
நெத்திலி ஐஸ் பெட்டி மேல் படுத்து
என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.
வருத்தமா, மீன் வாசனையா, தெரியவில்லை.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது வலியே இல்லை.
நாலாவது எதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
"இதோட நின்னுடுறவங்கதான் நெறைய" என்று
சீட்டைப் புரட்டினார் சிஸ்டர்.
"அந்தப் பக்கத்து வீட்டுப் பூனை
பத்து நாள் உசுரோட நடமாடுதான்னு பாக்கணும்.
யார் பாக்கிறா?"

நான் பார்க்கிறேன்.
காலையில் பார்க்கிறேன், பால் வைக்கும்போது பார்க்கிறேன்,
ராத்திரி என் காலடியில் சுருளும்போது பார்க்கிறேன்.

"எங்க வீட்டுதுதான் சிஸ்டர்."

அவர் நிமிரவில்லை.
சீட்டில் ஒரு சொல்லை அடித்து
மேலே வேறு எழுதினார்.
"அதுக்கும் ஊசி போட்டுடு.
கூடைல வெச்சு மூடி எடுத்துக்கினு போ,
கையில தூக்காத."